கொடுத்த கைமாத்து திரும்பி வரவில்லையா? வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

குடியாத்தத்தில் கைமாத்து வாங்கியவர் "சிரசு முடியட்டும்பா, தந்துடறேன்" என்பார். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனிக்குப் போகிறவர் "தீபாவளி போனஸ் வந்ததும் முதல்ல உன் காசுதான்" என்பார். வைகாசி பிறந்து கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்து போகும், போனஸும் வந்து போகும். சிநேகிதம் கெட்டுவிடுமே என்று நீங்களும் அழுத்திக் கேட்காமல் இருப்பீர்கள். இப்படியே நாள் தள்ளுவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. கொடுத்த கடனுக்கு கோர்ட்டுக்குப் போக 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் மூன்றே வருடம். அது தாண்டினால் நம் பக்கம் நியாயம் இருந்தும் வழக்கு நிற்காது.

அதனால், நண்பர் இழுத்தடிக்கிறார் என்று தெரிந்த உடனே முழுப் பணத்தைக் கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள். முதலில் ஒரு கையெழுத்தை வாங்குங்கள். பணம் கையில் இல்லாதவரால்கூட கையெழுத்துப் போட முடியும். நட்பு இன்னும் முறியாத நேரத்தில்தான் அது கிடைக்கும். கீழே சொல்லும் படிகளில் இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் வருபவை.

படி 1: தேதியைக் கண்டுபிடியுங்கள்

பணம் கொடுத்த நாள் எது? பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே ஹிஸ்டரி, டைரி, எதிலாவது இருக்கும். திருப்பித் தர இன்ன தேதி என்று எதுவும் எழுதாத கைமாத்துக்குக் கொடுத்த நாளிலிருந்தே மூன்று வருடம் ஓடத் தொடங்கிவிடும். 2023 ஜூலை 10 அன்று கொடுத்திருந்தால் 2026 ஜூலை 10-க்குள் வழக்குப் போட்டாக வேண்டும். "நான் கேட்ட நாளிலிருந்துதானே கணக்கு?" என்று பலரும் நினைக்கிறார்கள், அது தப்பு. திருப்பித் தரும் தேதியை எழுத்தில் குறித்திருந்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து எண்ணலாம்.

பல தடவையாகக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனி தேதி. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இருக்கிற ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள்

எழுத்தில்லாமல் கொடுத்துவிட்டோமே என்று மனம் விட வேண்டாம். வாய்வழிக் கடனும் கடன்தான். அதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். அக்கவுண்டிலிருந்து போன பணம், வாட்ஸ்அப்பில் வந்த "அடுத்த மாசம் தர்றேன் மச்சி", கொடுக்கும்போது கூட இருந்தவர் என எல்லாமே உதவும்.

வாட்ஸ்அப் உரையாடலை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காதீர்கள். சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றுகளை கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்கென ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கிறது. அசல் போன் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

படி 3: எழுத்தில் கேளுங்கள்

டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். அங்கே அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், கடனை ஒத்துக்கொள்ள மாட்டார். மெசேஜ் அனுப்புங்கள். அதில் தொகை, தேதி, காரணம் மூன்றும் இருக்கட்டும்:

"மச்சி, 2023 ஜூலை 10 அன்னிக்கு உங்க அம்மா ஆஸ்பத்திரி செலவுக்குன்னு நான் குடுத்த ஒரு லட்சத்தை இப்ப திருப்பணும்டா. மொத்தமா முடியலன்னா மாசாமாசம் எவ்வளவு முடியும்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன், பேசிக்கலாம்."

கோபமோ குத்தலோ இதில் வேண்டாம். "சரிடா, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்" என்று பதில் வந்தால், கடன் உண்டு என்று அவரே சொன்னதாகிவிடும். "எந்த ஒரு லட்சம்?" என்று வந்தால், அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அப்போது நேராகப் படி 6-க்குப் போங்கள்.

படி 4: புரோநோட்டு (கடனுறுதிச் சீட்டு) எழுதி வாங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை போகும்போது புரோநோட்டு பாரமும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும் எடுத்துக்கொண்டு போங்கள். பாரம் ஸ்டேஷனரிக் கடைகளில் அச்சடித்தே விற்கும், ஸ்டாம்பு தபால் நிலையத்தில் கிடைக்கும். பழைய கடன் பாக்கிக்கு இன்றைய தேதியில் புது நோட்டு எழுதுவதில் சட்டத் தடை எதுவும் இல்லை. இடையில் அவர் ஐயாயிரம் தந்திருந்தால், வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"குடியாத்தம் வட்டம் (ஊர், தெரு) இன்னார் மகன் இன்னாராகிய நான், காட்பாடி (தெரு) இன்னார் மகன் இன்னாராகிய தங்களிடம் 10.07.2023 அன்று குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாக வாங்கிய ரூ.1,00,000-இல் பாக்கி ரூ.95,000 (ரூபாய் தொண்ணூற்று ஐந்தாயிரம் மட்டும்). இத்தொகையை மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியுடன், தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது செலுத்தி இந்த நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

ஊர், தேதி, தொகை எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். கோர்ட்டில் எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும் இடம் அதுதான். ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேல் பட்டுத் தாளிலும் ஓடுகிற மாதிரி கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டை, பிறகு அபராதம் கட்டியும் சாட்சியமாக ஏற்க வைக்க முடியாது. ஒரு ரூபாய் ஸ்டாம்பில் அசட்டை காட்டினால் கடனுக்கு இருக்கும் ஒரே எழுத்தும் செல்லாமல் போய்விடும்.

சாட்சிகள் கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. அவரது அண்ணனோ மாமாவோ என்றால் இன்னும் நல்லது, வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிடும். வட்டி வேண்டாம் என்று நினைத்தால் அந்த வரியை விட்டுவிடலாம். மாதம் ஒரு ரூபாய்க்கு மேல் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நட்பில் கொடுத்த காசுக்கு மீட்டர் வட்டி, நாள் வட்டி என்று எழுதினால், கடன்காரர் மீது நாம் போட வேண்டிய வழக்கு நம் மீதே திரும்பும்.

இந்தப் புது நோட்டால் மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதன் பிறகு அவர் ஆயிரமோ ஐந்நூறோ தரும்போதெல்லாம் நோட்டின் பின்பக்கம் வரவு வைத்து, தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்குங்கள். காலக்கெடுவுக்குள் கையெழுத்தோடு வைக்கும் ஒவ்வொரு வரவும் இன்னொரு மூன்று வருடம் தரும். ஜிபேயில் வந்த தொகைக்கும் இதே மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். வெறும் பண வரவை மட்டும் நம்பிக் காலக்கெடுவைக் கடக்க விடாதீர்கள்.

மூன்று வருடம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா? அப்போதும் ஒரு வழி உண்டு. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த வாக்கு செல்லும் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் மனம் வைக்க வேண்டும். அதற்காகத்தான் நட்போடு பேசுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

படி 5: செக் கொடுத்தால்

சிலர் நோட்டு எழுத யோசிப்பார்கள், செக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் உங்கள் பேங்கில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால் பேங்க் தரும் ரிட்டர்ன் மெமோவைக் கட்டாயம் வாங்குங்கள். அதன் பிறகு நாள் கணக்கு ரொம்ப முக்கியம்: மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இதைச் சொல்வது செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

செக்கைக் கலெக்‌ஷனுக்குப் போட்ட உங்கள் அக்கவுண்ட் காட்பாடிக் கிளையில் இருந்தால் வழக்கும் அந்த எல்லையிலேயே நடக்கும். நண்பர் வாணியம்பாடியில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம்.

படி 6: வக்கீல் நோட்டீஸ்

பேச்சுக்கு இடமில்லை என்றானால் சிவில் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். படி 1-இல் எழுதிய தாளும் ஆதாரங்களும் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். நோட்டீஸில் வட்டியையும் கேட்கச் சொல்லுங்கள். வட்டி பேசாத கடனுக்கும், எழுத்தில் கேட்ட தேதியிலிருந்து வட்டி தரச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தபாலைச் சரியான விலாசத்துக்கு ஒப்புகையோடு அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் அது கிடைத்த மாதிரிதான். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

படி 7: வழக்குக்கு முன் சத்துவாச்சாரி

வேலூர் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் நண்பருக்கு நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இருவரும் ஒத்துக்கொண்டு அங்கே எழுதப்படும் தீர்வுக்கு சிவில் கோர்ட் டிக்கிரியின் (தீர்ப்பாணையின்) பலம் உண்டு, அதற்கு அப்பீல் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். சந்தேகம் கேட்க 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

அவர் வராவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது, உண்மைதான். ஆனால் கோர்ட் முத்திரையோடு வரும் ஒரு கடிதத்தைப் பார்த்துப் பேச வருபவர்கள் உண்டு. இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்றே சொல்வேன். ஆனால் மூன்று வருடக் கெடு நெருங்கிவிட்டால் இங்கே காத்திருக்காமல் வழக்கைப் போட்டுவிடுங்கள். போட்ட வழக்கும் மக்கள் நீதிமன்றத்தில் முடியலாம், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும்.

படி 8: வழக்கு

நண்பர் குடியிருக்கும் ஊர், அல்லது பணம் கைமாறிய ஊர், எந்த எல்லையோ அந்த கோர்ட். 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்த பின் எது எந்த கோர்ட்டில் வரும் என்பதை வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு கோர்ட் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மூவாயிரம். வக்கீல் பீஸ் தனி. கையில் புரோநோட்டு இருந்தால் சுருக்க விசாரணை முறையில் போடலாம். அதில் எதிர்வாதம் செய்யவே அவர் முதலில் கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும்.

தீர்ப்பு வந்தாலும் பணம் தானாக வராது, நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 வருடம் அவகாசம். ஆபீஸ் சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரத்தையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 16,000 சம்பளத்தில் மாதம் 5,000 பிடிக்கலாம், அதுவும் ஒரே டிக்கிரிக்கு மொத்தம் 24 மாதம்தான். தோல் ஷாப்பில் கூலி வேலை செய்பவரின் கூலியைப் பிடிக்க முடியாது. கைவினைஞரின் தொழில் கருவியை ஜப்தி செய்ய முடியாது, நெசவாளியிடம் தறி இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். அவர் பெயரில் மனை, வீடு, பேங்க் இருப்பு ஏதாவது உண்டா என்பதை வழக்குக்கு முன்பே விசாரியுங்கள். ஒன்றுமே இல்லாதவர் என்றால், தவணைக்குச் சம்மதித்து நோட்டில் வரவு வைத்துக்கொண்டே போவதுதான் நடைமுறையில் அதிகம் வசூலாகும் வழி.

போலீசுக்குப் போகலாமா?

வாங்கிய கடனைத் திருப்பாதது மட்டும் குற்றம் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது, பொய்ப் பத்திரம் காட்டினார், இல்லாத காரணம் சொன்னார் என்று காட்ட முடிந்தால்தான் மோசடிப் புகார். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் அதுவும் ஸ்டேஷனுக்குத்தான் போய்ச் சேரும், அங்கே "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். இந்த அலைச்சலில் மாதங்கள் போகும், மூன்று வருடக் கணக்கு நிற்காது.

பைக் சாவியைப் பிடுங்குவது, வீட்டு வாசலில் ஆள் கூட்டுவது, அவர் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவது எதையும் செய்யாதீர்கள். பணம் கேட்க வேண்டிய நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள்.

பணம் முழுவதும் வந்த பிறகு

அன்றைக்கே நோட்டின் பின்பக்கம் "அசல், வட்டி முழுவதும் வரவாகிவிட்டது" என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டு, நோட்டை அவர் கையில் கொடுங்கள். போட்டோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பேங்கில் போடாத செக்குகள் இருந்தால் அவற்றையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கும் கணக்கு முடிந்தது என்று ஒரு போன் செய்துவிடுங்கள்.