லோவெல் பஞ்சாலை நகரம்: ஒருநாள் பயணக் குறிப்பு

அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து லோவெலுக்குப் புறநகர் ரயிலில் சுமார் முக்கால் மணி நேரம். வடக்கு நிலையத்தில் (நார்த் ஸ்டேஷன்) ஏறுங்கள். சவுத் ஸ்டேஷனுக்குப் போய் நின்றால் அந்த வண்டி கிடைக்காது. வார இறுதியில் ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவென்றால் பூட் பஞ்சாலை அருங்காட்சியகம் மட்டும் போதும். கீழ்த்தளத்து நெசவுக்கூடத்தில் 88 விசைத்தறிகள் உண்டு. அவற்றில் சிலதான் ஓடும். அதற்கே தரை அதிர்வது செருப்பு வழியாக உள்ளங்காலில் தெரியும். நுழையும்போது தரும் காதடைப்பானை வாங்கிப் போடுங்கள், குழந்தைகளுக்கு முதலில். தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இருபுறமும் மாறி மாறி அடிபடும் ஓசை அப்படி! அன்று இந்த இரைச்சலில் நாள் முழுக்க நின்றவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்கள் தங்கிய விடுதி பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் பாருங்கள்.

கால்வாய்ப் படகு கோடையில்தான் ஓடும். மெர்ரிமாக் ஆற்று நீரை ஆலைகளுக்குக் கொண்டுவந்த கால்வாய்கள் மொத்தம் 9 கிலோமீட்டர். வெள்ளத்தைத் தடுக்க 1850-இல் கட்டிய பிரான்சிஸ் மதகை வீண்செலவு என்று கேலி செய்தார்கள். 1852 வெள்ளத்தில் அதை இறக்கித்தான் ஊரைக் காப்பாற்றினார்கள். படகு இல்லாத நாளில் கால்வாய்க் கரையோரம் நடக்கலாம். மதிய உணவுக்குக் கம்போடியக் கடைகளைத் தேடுங்கள். இங்கே அந்தச் சமூகம் பெரியது.