காயலிலிருந்து நாகூர் வரை: பழைய கபர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும் மூன்று வாரமும் கல்யாணம், குலதெய்வம், துணிக்கடை என்றே கரைந்துவிடும். அதில் மூன்று நாளை மட்டும் பிடித்து வையுங்கள். தூத்துக்குடியில் இறங்கி, முதலில் கொஞ்சம் தெற்கே காயல்பட்டினம் போய்விட்டு, பிறகு கடலோரமாகவே வடக்கே போனால், அரபிக் கப்பல்கள் வந்து போன பழைய துறைமுக ஊர்களில் அந்தக் காலத்துக் கபர்களை, அதாவது அடக்கத்தலங்களைப் பார்த்துக்கொண்டே நாகூர் வரைக்கும் போய்விடலாம்.

முதலில் காயல்பட்டினம். திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் இங்கே நிற்கும். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிய துறைமுகம் இந்தப் பகுதிதான். அது இன்றைய காயல்பட்டினமா, பக்கத்திலிருக்கும் பழைய காயலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பாண்டியர் படைக்கு ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. குதிரைகள் நம் வெயிலிலும் தீவனத்திலும் சீக்கிரமே செத்துப்போக, ஆண்டுதோறும் புதிதாக வாங்கியாக வேண்டியிருந்தது. வணிகர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்? அப்படி வந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கினார்கள், இங்கேயே அடக்கமானார்கள்.

பழைய பள்ளிவாசல்களை ஒட்டிய மையவாடிகளில், அதாவது அடக்கம் செய்யும் இடங்களில், அரபி எழுத்து செதுக்கிய மீசான் கற்களை, கபரில் நடும் கற்களைப் பார்க்கலாம். அவசரப்படாமல் பாருங்கள். சாய்ந்து விழும் காலை வெயிலில் எழுத்து நன்றாக எடுபடும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவது, சுண்ணாம்பு தேய்ப்பது எல்லாம் வேண்டாம். கபர்களுக்கு இடையே நடக்கும்போது எதையும் மிதிக்காமல், தாண்டாமல் சுற்றிப் போங்கள். இது அருங்காட்சியகமல்ல. போன மாதம் அடக்கம் செய்தவரின் குடும்பம் அங்கே நின்று ஓதிக்கொண்டிருக்கலாம்.

நான் முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டரை. ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். உள்ளே போக வழியில்லை, கடைகளும் சாத்தியிருந்தன, வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன். நீங்கள் வேறு கிழமையில் போங்கள். நோன்பு மாதமென்றால் பகலில் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உள்ளே போகுமுன் அங்கிருக்கும் பெரியவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காயலிலும் கீழக்கரையிலும் அண்ணன் என்ற பொருளில் 'காக்கா' என்று கூப்பிட்டால் முகம் மலரும். நாகூர்ப் பக்கம் 'நானா'. பெண்கள் எதுவரை போகலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் அவரிடமே கேளுங்கள். தலையை மறைக்க ஆண்களுக்கு ஒரு கைக்குட்டை போதும். படமெடுக்க அனுமதி கேளுங்கள்.

அடுத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. மதீனாவிலிருந்து வந்தவர் என்று சொல்லப்படும் சுல்தான் செய்யது இப்ராகீம் ஷஹீத் அடங்கிய தர்கா. மனநலம் குன்றியவர்களைக் குடும்பத்தார் இங்கே கொண்டுவந்து தங்க வைப்பது நெடுநாள் வழக்கம். 2001இல் இந்த ஊரின் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இங்கே மட்டும் கேமராவைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

பக்கத்திலேயே கீழக்கரை. எனக்கு இந்த வழியில் மிகப் பிடித்த இடம் இங்கிருக்கும் பழைய ஜும்ஆ பள்ளி. தூணையும் அதன் தலையிலிருக்கும் போதிகையையும் பார்த்தால் ஏதோ கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆனால் உருவம் ஒன்றுகூட இருக்காது, பூவும் கொடியும்தான். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்களே, அந்த வள்ளல் அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான். உதவி கேட்டு வந்த புலவர் வள்ளல் இறந்துபோன செய்தி கேட்டுக் கபரடியில் அழ, உள்ளிருந்து மோதிரக் கை நீண்டது என்பது கதை. கதை கிடக்கட்டும், பதினேழாம் நூற்றாண்டில் கப்பல் வைத்து வணிகம் செய்த ஆள் அவர். கிளம்புமுன் தொதல் என்னும் இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதன் ருசி தெரிந்ததுதான்.

நாகூருக்கு இங்கிருந்து நெடுந்தூரம், ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பதினாறாம் நூற்றாண்டின் ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கிய தர்கா இது. ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர். ஆண்டு விழாவான கந்தூரி, இஸ்லாமிய நாட்காட்டியின் ஜமாத்துல் ஆகிர் மாதத்தில் 14 நாள் நடக்கும். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும், டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தனக்கூடு ஊர்வலம் வரும் இரவில் கூட்டம் நெருக்கும். குழந்தைகளோடு போனால் அந்த நாளைத் தவிர்த்து, சாதாரண நாளில் விடியற்காலையிலேயே போய்விடுங்கள்.

சிங்கப்பூர், பினாங்கிலிருந்து வருகிறவர்களுக்கு மினாராவைக் கண்டதும் எங்கேயோ பார்த்த ஞாபகம் வரும். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828-30இல் கட்டிய நாகூர் தர்காவும், பினாங்கு சூலியா தெருவில் இருப்பதும் இந்த ஆண்டகையின் நினைவாக எழுந்தவைதான். இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் கட்டியவை. அங்கே யாரையும் அடக்கம் செய்யவில்லை. கபர் இங்கேதான் இருக்கிறது.