இசைக்கவை வைத்து கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது எப்படி?

இசைக்கவை என்றதும் பலருக்கும் பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். ரப்பர் கட்டையில் தட்டி, காதருகே பிடித்துக் கேட்டுவிட்டு வைத்திருப்போம். ஆனால் அது இசைக்காகவே பிறந்த கருவி. 1711-இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய டிரம்பெட் கலைஞர் அதை உருவாக்கினார்.

கைபேசியில் ட்யூனர் செயலி இருக்க இது எதற்கு என்று கேட்பீர்கள். செயலியில் கண் முள்ளைப் பார்க்கும், கை திருகும், காதுக்கு வேலையே இருக்காது. கவை ஒரே ஒரு சுரத்தைத்தான் கொடுக்கும். மீதி எல்லாம் காதின் பொறுப்பு. அதனால்தான் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் கவையைச் சிபாரிசு செய்கிறேன். விம்மலை, அதாவது சுருதி சற்றே விலகிய இரண்டு ஒலிகள் சேரும்போது எழும் ஏற்ற இறக்கத்தை, கேட்க ஒருமுறை பழகிவிட்டால் அது எந்தக் கருவிக்கும் உதவும்.

எந்தக் கவை வாங்குவது?

கவையில் ஓர் எண் பொறித்திருக்கும். நமக்கு வேண்டியது ஏ 440, அதாவது 'ஏ' என்ற மேற்கத்தியச் சுரம், நொடிக்கு 440 அதிர்வு (ஹெர்ட்ஸ்). ஆய்வகக் கவைகளில் 256 என்று இருக்கும். அது 'சி' சுரம்தானே, அதை வைத்தே சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 440-ஐ அடிப்படையாகக் கொண்ட பியானோவில் நடு 'சி' 261.6 ஹெர்ட்ஸ். 256 அதைவிட அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கி நிற்கும். கணக்குக்கு வசதியாக, இரண்டிரண்டாகப் பெருக்கி வரும் எண் என்பதால் ஆய்வகத்தில் 256-ஐ வைத்துக்கொண்டார்கள்.

பிடிப்பதும் தட்டுவதும்

கைப்பிடியான தண்டை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். மேலே அதிரும் இரண்டு கிளைகள்தான் புயங்கள். புயத்தில் விரல் பட்டால் ஒலி அந்த நொடியே செத்துவிடும். முழங்கால் மூட்டிலோ கெட்டியான ரப்பரிலோ ஒரு புயத்தை லேசாகத் தட்டினால் போதும். மேசை விளிம்பில், சுவரில் அடிக்கவே கூடாது. புயத்தின் நுனி தேய்ந்தால் சுருதி ஏறும். இரண்டு புயமும் சேரும் அடிப்பகுதி தேய்ந்தாலோ துருப்பிடித்தாலோ இறங்கும். கெட்டுப்போன கவை அதைச் சொல்லாது. நீங்கள் அதையே நம்பிச் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஓங்கித் தட்டினால் முதலில் 'டிங்' என்று ஒரு கூர்மையான ஒலி கேட்கும். அது அடிப்படைச் சுரத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல் உயரத்தில் உள்ள உபரி ஒலி. சீக்கிரம் அடங்கிவிடும். அது போன பிறகு மிஞ்சும் தூய்மையான ஒலியைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது கவையைக் காதருகே வைத்து, தண்டை விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டுங்கள். ஒரு முழுச் சுற்றில் நான்கு இடங்களில் ஒலி காணாமல் போய்த் திரும்பி வரும். புயங்கள் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் ஆடுவதால், சில திசைகளில் அவை எழுப்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டு ஒலிகள் சேர்ந்தும் மௌனம் பிறக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து வரும் விம்மலும் இதே கதைதான்.

ஐந்தாம் கம்பியைச் சேர்ப்பது

மிக மெல்லிய கம்பியை முதலாவதாக வைத்து எண்ணினால், கிட்டாரின் ஐந்தாம் கம்பி 'ஏ'. அதன் சுருதி 110 ஹெர்ட்ஸ், கவையோ 440. இந்த இரண்டையும் நேராக ஒப்பிடப் புதுக் காதுக்குக் கஷ்டம். அதனால் கம்பியையே 440-இல் பேச வைப்போம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். ஐந்தாவது பட்டைக்கு நேர் மேலே, அழுத்தாமல், விரலை வெறுமனே தொட்டு வைத்து மீட்டுங்கள். உடனே விரலை எடுத்துவிடுங்கள். மணி போல ஒரு ஹார்மோனிக் ஒலிக்கும். கம்பியின் கால் பங்கு நீளத்தில் தொட்டதால் அதிர்வெண் நான்கு மடங்காகிறது: 440.

வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரலுக்கு இடையே கவையை வைத்துக்கொண்டு நடுவிரலால் மீட்டுங்கள். ஹார்மோனிக் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கவையை முழங்காலில் தட்டி, தண்டின் அடியைக் கிட்டாரின் மேல் பலகையில், கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஊன்றுங்கள். தண்டின் மெல்லிய மேல்கீழ் அசைவு பலகை முழுவதையும் அதிரவைக்கும். ஒலி சட்டென்று பெருகும். பெருகிய அளவுக்குச் சக்தி செலவாவதால் சீக்கிரம் தேய்ந்தும் போகும். அலுக்காமல் திரும்பத் தட்டுங்கள்.

இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது 'வ்வா… வ்வா… வ்வா' என்று ஒலி ஏறி இறங்குகிறதா? அதுதான் விம்மல். நொடிக்கு எத்தனை விம்மலோ, இரண்டு அதிர்வெண்களுக்கும் அத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஹார்மோனிக் 438 என்றால் நொடிக்கு இரண்டு.

விம்மல் வித்தியாசத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. கம்பி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரிய, வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்துங்கள். விம்மல் வேகமானால் கம்பி ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. மெதுவானால் ஏறியிருந்தது. எப்படியிருந்தாலும் நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து மேலாக முறுக்கிக்கொண்டு வருவதே நல்லது. மேலிருந்து இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினால், கம்பியை முறுக்கும் திருகான கீயில் தளர்வு மிஞ்சும். வாசிக்க வாசிக்கக் கம்பி இறங்கிவிடும்.

இடது கையால் கீயை மெல்லத் திருகிக்கொண்டே கேளுங்கள். விம்மல் நீண்டு, சோம்பி, ஒரு விம்மலுக்கு நான்கு நொடி ஆகும் அளவுக்கு வந்தால் வித்தியாசம் கால் ஹெர்ட்ஸ்தான். இன்னும் ஒரு மயிரிழை திருகினால் அசைவு நின்று, இரண்டு ஒலியும் ஒன்றாகிவிடும். எனக்கு முதல்முறை அது நடந்தபோது கவை நின்றுவிட்டதோ என்று நினைத்து மறுபடி தட்டிப் பார்த்தேன்.

மற்ற கம்பிகள்

ஆறாம் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தினால் வருவது ஐந்தாம் கம்பியின் சுரம். அதற்கேற்ப ஆறாவதைச் சேருங்கள். ஐந்தாம் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட் நான்காவதற்கு, நான்கின் ஐந்து மூன்றாவதற்கு. மூன்றாம் கம்பியில் மட்டும் நான்காம் ஃபிரெட், அது இரண்டாவதற்கு. இரண்டின் ஐந்து முதல் கம்பிக்கு.

440 மட்டும் ஏன்?

இயற்கை விதி எதுவும் இல்லை, மனிதர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டெலுடையது என்று பாதுகாக்கப்படும் கவை 422.5 தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரங்குகள் பளிச்சென்ற ஒலிக்காகச் சுருதியை ஏற்றிக்கொண்டே போயின. பாடகர்களின் குரல்வளைதான் அதற்கு விலை கொடுத்தது. பிரான்ஸ் 1859-இல் 435 என்று சட்டமே போட்டது. அதற்கு முன்பே, 1834-இல், ஜெர்மனியில் யோஹான் ஷைப்லர் என்பவர் வரிசையாகக் கவைகளை வைத்து, நாம் மேலே செய்த அதே விம்மல் கணக்கால் அளந்து, 440-ஐப் பரிந்துரைத்திருந்தார். 1939-இல் லண்டன் மாநாடு அந்த எண்ணை ஏற்றது. 1955-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் ஏற்றது. இன்றும் பல ஐரோப்பிய இசைக்குழுக்கள் 442, 443 என்று வாசிக்கின்றன. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இசையை வாசிக்கும் பரோக் இசைக் குழுக்கள் 415-க்கு இறங்குகின்றன. பிறரோடு சேர்ந்து வாசிப்பதென்றால் அவர்களின் 'ஏ' என்ன என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கவையும் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டதுதான். எஃகு சூடானால் அதன் விறைப்பு சற்றுக் குறையும். 10 டிகிரி ஏறினால் 440 சுமார் அரை ஹெர்ட்ஸ் இறங்கும். வெயில்படும் இடத்தில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து உறையில் போடுங்கள்.

போடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. முதல் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள், அதுவும் 440தான். கவையைத் தட்டிப் பலகையில் ஊன்றுங்கள். விம்மல் கேட்டால், நடுவில் ஏதோ ஒரு கம்பியில் பிசகியிருக்கிறீர்கள். ஐந்தாம் கம்பியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.