ஸ்பீட் சென்சரா, வயரா? மாற்றுமுன் சோதிக்கும் முறை

மீற்றர் முள் திடீரென விழும், கிலோமீற்றர் ஓடாது, ஓட்டோ கியர் அடித்து மாறும், எஞ்சின் லைட் எரியும். ஸ்கேன் பண்ணினால் பீ 0500 என்ற பிழைக் கோட் வரும். உடனே சென்சர் வாங்க ஓடாதீர்கள். வேக சிக்னல் வரவில்லை என்பதை மட்டும்தான் அந்தக் கோட் சொல்கிறது.

இது கியர் பொக்ஸில் பூட்டியிருக்கும் மூன்று வயர் (பவர், ஏர்த், சிக்னல்) ஸ்பீட் சென்சருக்கான முறை. பழைய வேன்களில் கேபிள்தான் ஓடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் காக்கும் அமைப்பு) உள்ள பல புதிய கார்கள் சில்லுச் சென்சர்களிலிருந்தே வேகத்தை எடுக்கின்றன.

முதலில் பிளக்கைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் உப்புக் காற்று. மாரியில் வெள்ளத்துக்குள்ளும் வாகனம் ஓடும். பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, சிறு பிரஷால் தேய்த்துக் காயவிடுங்கள். வயர் உள்ளே கறுத்திருந்தால், செப்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடவேண்டும். வெறும் டேப் சுற்றினால் ஈரம் மறுபடி ஏறும்.

பிளக்கைத் திரும்பப் பூட்டி, சாவியை ஒன் பண்ணி, பிளக்கின் பின்புறமாக மல்டிமீற்றர் முனையை வையுங்கள். பவருக்கும் ஏர்த்துக்கும் இடையில் பெரும்பாலும் 12 வோல்ட், சிலதில் 5 வோல்ட் இருக்கும். இல்லையென்றால் பியூசையும் ஏர்த்தையும் தேடுங்கள்.

அடுத்து சிக்னல் வயர். முன்சில்லு இழுக்கும் வாகனமென்றால் பின்சில்லுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஒரு முன்சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டையும் தூக்கினால் மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றும், சென்சரைச் சுற்றவைக்கும் டிஃபரென்ஷல் கூடு அசையாது, நல்ல சென்சரும் பழுதாகத் தெரியும். சில்லை மெதுவாகச் சுற்றும்போது வோல்ட் 0க்கும் 5க்கும் (சிலதில் 12க்கும்) இடையில் ஏறி இறங்கவேண்டும்.

ஏறி இறங்கவில்லையா? பிளக்கைக் கழற்றி, வயர்ப் பக்கத்துச் சிக்னல் பின்னை அளந்து பாருங்கள். அங்கேயும் 0 என்றால் வேக மீற்றர் அல்லது எஞ்சின் கம்பியூட்டர் வரை போகும் வயரில்தான் பெரும்பாலும் பிழை. 5 (சிலதில் 12) இருந்தால் சென்சரை வெளியே எடுத்து, பிளக்கைப் பூட்டியபடி அதன் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை (பல்லை) விரலால் சுற்றுங்கள். இப்போது வோல்ட் மாறினால் சென்சர் நல்லது, பெரும்பாலும் பல் தேய்ந்திருக்கும். மாறாவிட்டால் சென்சரை மாற்றலாம்.

மாற்றும்போது பட்டரி நெகட்டிவைக் கழற்றி, எஞ்சின் ஆறியபின் வேலையைத் தொடங்குங்கள். சென்சரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் இழுத்தால் அந்த மண் கியருக்குள் விழும். ஒற்றை போல்ட், பொதுவாக 10 மில்லிமீற்றர் சாவி. சென்சரை இரு பக்கமும் திருகித் திருகி எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். கொஞ்சம் ஒயில் ஒழுகும், தட்டு வையுங்கள். பழைய பல்லைப் புதுச் சென்சரில் பூட்டுவதென்றால் தேய்வு பாருங்கள். புதுப்பல் என்றால் பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும், இல்லையேல் மீற்றர் பிழையாகக் காட்டும். புது ஓ ரிங்கில் (ரப்பர் வளையம்) அதே கியர் ஒயிலைத் தடவி, கையாலேயே அடிவரை இறக்குங்கள். போல்ட்டால் இழுத்து இறக்கினால் சென்சரின் போல்ட் பூட்டும் காது வெடிக்கும்.

ஒயில் மட்டம் பார்த்து, ஸ்கேனரால் பிழைக் கோட்டை அழித்து, நேர் றோட்டில் ஓடி போன் ஜிபிஎஸ்ஸுடன் ஒப்பிடுங்கள். மீற்றர் சற்றுக் கூடக் காட்டுவது வழமை. மீற்றர் சரியாக ஓடியும் கோட் திரும்ப வந்தால், மீற்றரிலிருந்து கம்பியூட்டருக்குப் போகும் வயரைச் சோதியுங்கள். பல டொயோட்டாக்களில் சிக்னல் மீற்றர் வழியாகத்தான் அங்கே போகிறது.