என்ஜின் போன பிறகு பழைய ஆயில் கூலரையே கழுவி மாட்டலாமா? பலர் செய்யும் தவறுகள்

என் மாமாவின் டீசல் காரில் கனெக்டிங் ராடு பேரிங் (பிஸ்டனை கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் ராடின் பேரிங்) தேய்ந்து போய்விட்டது. கிராங்கை லேத்துக்கு அனுப்பி கிரைண்டிங் செய்து, புது பேரிங், புது ஆயில் பம்ப், ஹெட் வேலை என்று எல்லாம் முடித்து என்ஜினைக் கட்டினார்கள், செலவு லட்சத்தைத் தாண்டியது. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதே தட்டும் சத்தம் திரும்ப வந்தது. பிரித்துப் பார்த்தால் புது பேரிங் முழுக்கக் கீறல். பட்டறைக்காரர் லேத் வேலை சரியில்லை என்றார், லேத்காரர் ஆயில் சரியில்லை என்றார். கடைசியில் என்ஜின் ஆயிலின் சூட்டைக் குறைக்கும் ஆயில் கூலரை கிரைண்டரால் அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறச் சேறு, அதில் மினுமினுக்கும் துகள்கள். முதல் தடவை போன பேரிங்கின் மிச்சம் அத்தனையும் அங்கேதான் இருந்தது. அந்தக் கூலரைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவித்தான் மாட்டியிருந்தார்கள்.

இந்தக் கழுவுகிற தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அதனால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கார்களில், முக்கியமாக டீசலிலும் டர்போ பெட்ரோலிலும், கூலர் என்பது பெரும்பாலும் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கைக்கு அடக்கமான ஒரு அலுமினியக் கட்டி. ஸ்விஃப்ட், டிசையர் எனப் பல கார்களில் வந்த 1248 சிசி மல்டிஜெட் டீசலிலும் ஃபில்டர் ஹவுசிங்கோடு சேர்ந்துதான் இருக்கும். உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக, ஒரு அடுக்கில் ஆயில், அடுத்ததில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஆயில் போகிற அடுக்குக்குள் இன்னொரு நெளிநெளியான மெல்லிய தகடும் இருக்கும். ஆயில் நேராக வழுக்கிக்கொண்டு போகாமல் முட்டி மோதிப் புரண்டு போனால்தான் சூடு இறங்கும் என்பதற்காக வைத்தது அது. சூட்டை இறக்க உதவும் அதே நெளிவுகள்தான் பேரிங் துகளையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பெட்ரோலோ டீசலோ ஊற்றி, கம்ப்ரஸர் காற்று அடித்து, மறுபக்கம் சுத்தமாக வருகிறது என்று காட்டுவார்கள். திரவம் அடைப்பு இல்லாத வழியாகத்தான் போகும், அடைத்த அடுக்குகளை அது தொடுவதே இல்லை. சுத்தமாக வெளியே வந்தது என்றால் ஏற்கெனவே திறந்திருந்த வழி சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பிறகு என்ஜின் ஓடி, ஆயில் 100 டிகிரியைத் தொட்டு, அலுமினியம் விரிந்து, அதிர்வும் சேரும்போது ஒட்டியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக விடும். அன்றைக்குப் பட்டறையில் வராத துகள் இரண்டு வாரம் கழித்து ஹைவேயில் வரும்.

"வந்தால் என்ன, ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஃபில்டருக்குப் பைபாஸ் வால்வு என்று ஒன்று உண்டு. காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ, ஃபில்டர் அடைத்துப் போனாலோ, என்ஜின் ஆயில் இல்லாமல் சாகக்கூடாது என்று அது திறந்துகொண்டு, வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ளே விட்டுவிடும். கூலரிலிருந்து குப்பை வரவர ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அடைத்ததும் பைபாஸ் திறக்கும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலான கார் என்ஜின்களில் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான், அதாவது தலைமுடியை விடக் குறைவு. அந்தச் சந்துக்குள் ஒரு இரும்புத் துகள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சில என்ஜின்களில் கூலர் ஃபில்டருக்குப் பிறகு வரும். அப்படியென்றால் நடுவில் காவலே கிடையாது.

அடுத்த தவறு, என்ஜின் எதனால் போனது என்று பார்க்காமலே முடிவெடுப்பது. டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்த கதையும் பேரிங் உருகிய கதையும் ஒன்றல்ல. முதலாவதில் பெரும்பாலும் ஆயிலுக்குள் உலோகம் போயிருக்காது, இரண்டாவதில் போகாத இடமே இருக்காது. டர்போ உடைந்தது, பிஸ்டன் உடைந்தது, ஆயில் பம்ப் தேய்ந்தது எல்லாம் இரண்டாவது ரகம்தான். தெரிந்துகொள்ள எளிய வழி, பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பார்ப்பது. ஹேக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், அறுக்கும்போது விழும் தூளே உள்ளே கலந்து ஏமாற்றும். அதற்கென்று கட்டர் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பேரிங்கின் மேல்பூச்சு செம்பு, ஈயம், வெள்ளீயம், அலுமினியம் போன்றவற்றால் ஆனது, எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டவில்லை, ஆகவே சுத்தம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மினுமினுப்பு இருந்தால் கூலரை மாற்றுங்கள். கட்டி முடித்த என்ஜினை உத்தரவாதத்தோடு விற்பவர்கள் பலர் புது கூலர் போட்ட பில்லைக் காட்டச் சொல்வதும் இதனால்தான்.

கழுவவே கூடாதா என்றால், கழுவலாம், அதற்கும் இடம் இருக்கிறது. ரேடியேட்டர் மாதிரி முன்னால் காற்றில் நிற்கும் பெரிய கூலர்கள், விலையும் அதிகம், கிடைப்பதும் கஷ்டம் என்றால், சூடான கரைப்பானை ஆயில் போகும் திசைக்கு எதிராகத் துடிப்புத் துடிப்பாக நெடுநேரம் ஓட்டியும், அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டும் சுத்தம் செய்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே வரும் திரவத்தை வெள்ளைத் துணியில் வடிகட்டி, திரும்பத் திரும்பப் பார்த்து, துகள் எதுவும் வராமல் போகும் வரை விடமாட்டார்கள். பட்டறை வாசலில் பத்து நிமிஷத்தில் முடியும் வேலை அல்ல. அந்த மாதிரி கூலருக்குப் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் திறக்கும் வால்வு) இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஆயில் சூடாகும் வரை அது கூலர் பக்கம் அதிகம் வழி விடாது, அதனால் காரில் மாட்டியபடியே ஃப்ளஷ் என்ற கழுவும் திரவத்தை ஊற்றி ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓட்டினால் கூலருக்குள் பெரிதாக எதுவும் போயிருக்காது.

கூலரை மட்டும் மாற்றிவிட்டு அதற்குப் போகும் பைப்புகளை அப்படியே விடுவதும் நடக்கிறது. பழைய போர்ஷே 911-இல் என்ஜின் பின்னால், கூடுதல் ஆயில் கூலர் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில். காரின் நீளத்துக்கு ஓடும் அந்தக் குழாய்கள் அத்தனையிலும் குப்பை தங்கும். நம் கார்களில் அவ்வளவு நீளம் இல்லை, ஆனால் ஃபில்டர் ஹவுசிங், ஆயில் பிரஷர் அதிகமானால் திறந்து குறைக்கும் ரிலீஃப் வால்வு, டர்போவுக்குப் போகும் மெல்லிய பைப், பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட், இவை எல்லாமே அதே அழுக்கு ஆயிலைக் குடித்தவைதான். ரிலீஃப் வால்வில் ஒரு துகள் மாட்டிக்கொண்டு மூடாமல் நின்றாலே பிரஷர் ஏறாது.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பாதி விலைக்குக் கூலர் கிடைக்கும் என்று போகிறவர்களிடம் ஒரு கேள்வி: அந்தக் கூலர் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் என்ஜின் எப்படிப் போனது? பதில் தெரியாது என்றால் உங்களுடைய பழைய கூலருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கதவு, லைட், பம்பர் எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம், இதை வேண்டாம். கூலரே வேண்டாம், பைப்பை நேராக இணைத்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஊட்டி மலை ஏறும்போது டர்போ டீசலில் ஆயில் எவ்வளவு சூடாகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. சூடு ஏறினால் ஆயில் தண்ணீராக இளகும், பிரஷர் இறங்கும்.

கூலன்ட் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. கூலன்ட் டப்பாவில் மோர் மாதிரி ஆயில் மிதந்தால் உடனே ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றுகிறார்கள். ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார் இருக்கும், கூலன்ட் பக்கம் 1 பாரைச் சற்றுத் தாண்டும். கூலருக்குள் விரிசல் விட்டால் ஆயில்தான் கூலன்டுக்குள் போகும், என்ஜினை நிறுத்திய பிறகு கூலன்ட் ஆயிலுக்குள் வரவும் வாய்ப்புண்டு. முதலில் கூலரைக் கழற்றி, காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது சின்ன வேலை, ஹெட்டைக் கழற்றுவது பெரிய வேலை. ஆயில் ஊறிய ரப்பர் ஹோஸ்கள் பிறகு உப்பிக் கொழகொழவென்று ஆகும், அவற்றையும் மாற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் கூலரின் கூலன்ட் அடுக்குகள் உப்பால் அடைத்திருப்பது சாதாரணம். புது கூலருக்கும் அதே தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

மாட்டும்போது பழைய ஓ-ரிங்கையே வைத்து மேலே பேஸ்ட் தடவ வேண்டாம். பிதுங்கி உள்ளே விழும் பேஸ்ட், ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். அலுமினிய மரையில் போல்ட்டை வெறுங்கை பலத்தில் முறுக்காமல் டார்க் ரெஞ்ச் பிடியுங்கள்.

கடைசியாக, புது கூலர் காலியாக இருக்கும் என்பது நினைவிருக்கட்டும். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துவிட்டால், கூலரும் ஃபில்டரும் நிரம்பும் வரை பேரிங்குக்கு ஆயில் போகாது. எரிபொருள் போகாதபடி செய்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். முதல் ஆயிலை 10,000 கிலோமீட்டர் வரை இழுக்காமல் 500 கிலோமீட்டரில் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். மாமாவின் காரில் இரண்டாவது தடவை புது கூலர் போட்டு அப்படித்தான் செய்தோம், காகித மடிப்பில் கொஞ்சம் கறுப்பு மட்டும்தான் இருந்தது.