காட்டு விடுதி குற்றாலம் லாட்ஜ் இல்லை

சீசனுக்குக் குற்றாலத்தில் ரூம் போட்டுப் பழகிய நம்ம ஊர்க்காரர்கள், திருநெல்வேலி மாவட்டத்து மலைக்காட்டில் முண்டந்துறையிலோ குதிரைவெட்டியிலோ வனத்துறை விடுதியில் தங்கப் போனாலும் அதே பழக்கத்தைக் கையோடு கொண்டுபோய்விடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன்.

பெரிய தப்பு, புலியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போவது. களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-லேயே அறிவித்தார்கள், எல்லாம் சரி. ஆனால் மழைக்காட்டில் இருபதடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் நம் கண்ணில் படாது, அவ்வளவு அடர்த்தி. அதையே தேடிக்கொண்டிருந்தால் தலைக்கு மேல் நடப்பதைக் கோட்டைவிடுவோம். எங்கள் முன்னால் ஒரு காய் பொத்தென்று விழுந்தது, உடம்பெல்லாம் முள். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அதைக் காலால் புரட்டி, ஈரம் காயாத கடித் தடத்தைக் காட்டி, "வெடிபலா சார், மேல பாருங்க" என்றார். அண்ணாந்து பார்த்தால் சிங்கவால் குரங்குக் கூட்டம்! மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் பார்க்க முடியாத குரங்கு அது. பெரும்பாலும் தரைக்கு வராமல் கிளைக்குக் கிளை தாவியே பிழைப்பதால், மரங்களுக்கு நடுவே பெரிய இடைவெளி விழுந்தால் அதன் பாதையே அடைபட்டுப்போகும்.

இப்படிக் காட்ட ஆள் இல்லாமல் போவது அடுத்த தப்பு. "நமக்குத் தெரியாத மலையாவே" என்று சொல்லி வழிகாட்டிக் கூலியை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காட்டை நம்பி வாழும் காணிக்காரப் பழங்குடி மக்களுக்கும் அடிவாரத்துப் பிள்ளைகளுக்கும் நாம் தங்குவதால் நாலு காசு கிடைத்தால்தானே அந்தக் காடு நிற்பதில் அவர்களுக்கும் பலன் இருக்கும்?

தனியார் விடுதி என்றால் இயற்கைக்குக் கேடில்லாதது என்ற அர்த்தத்தில் வாசலில் எழுதியிருக்கும் 'எக்கோ'வை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கழிவுநீர் எங்கே போகிறது, வேலைக்கு உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர், ராத்திரி காட்டைப் பார்த்து விளக்கு எரிகிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். 'கேம்ப் ஃபயர், டிஜே உண்டு' என்று பெருமையாகச் சொன்னால் அப்படியே போனை வைத்துவிடலாம்.

சாப்பாட்டை வெளியே வைப்பதும் தப்புதான். என் மச்சான் திண்ணையில் வைத்த அரைக்கிலோ அல்வாவை நாட்டுக் குரங்கு ஒன்று பேப்பரோடு தூக்கிப் போய்விட்டது. நாங்கள் சிரித்தோம், காவலர் சிரிக்கவில்லை. ருசி கண்ட குரங்கு அடுத்து வருகிறவர் கையிலிருந்தே பிடுங்குமாம், நெய் ஒட்டிய பேப்பரையும் சேர்த்து விழுங்குமாம். கொண்டுபோன குப்பை மொத்தமும் உங்களோடு கீழே இறங்க வேண்டும், ஆரஞ்சுத் தோல் உட்பட.

அட்டைக்குப் பயந்து ஜீன்ஸ் போடுவார்கள். நனைந்தால் அது காயவே காயாது. முழங்கால் வரை இறுக்கக் கட்டும் அட்டைச் சாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், வாய்ப் பக்கம் நகத்தைக் கொடுத்து ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலில் ஒன்றைக் கலந்துவிடுவதால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். (என் வெள்ளை வேட்டி போனது போனதுதான்.)

போனில் பறவைச் சத்தத்தைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டு வந்து நிற்கும்.

அப்புறம் தேதி. ஐப்பசி கார்த்திகையில் மலை மேல் நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் கொட்டுகிற மழைக்கு ரோடே மூடிவிடலாம், அதனால் கிளம்புமுன் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அமைதி வேண்டும் என்று ஆடி அமாவாசையை ஒட்டி முண்டந்துறையில் ரூம் கேட்காதீர்கள், பக்கத்திலிருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்க வரும் கூட்டத்தில் ரோட்டைத் தாண்டவே நேரமாகும்.