தேக்குக் கதவுக்கு எந்த சாண்டர்? என் அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுத் தேக்குக் கதவில் வார்னிஷ் வெடித்து, பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது. சீவுளி போடுகிற அளவுக்கு மரம் கெடவில்லை. பழைய பூச்சை எடுத்தால் போதும். எந்த சாண்டர், அதாவது சாண்ட் பேப்பர் மாட்டித் தேய்க்கும் மெசின், வாங்குவது என்பதுதான் கேள்வி.

பெல்ட் சாண்டர் வேகமானது, ஆனால் மரத்தையே தின்னும். ஓரிடத்தில் கொஞ்சம் நின்றாலும் பள்ளம் விழும். மேடுபள்ளமான பலகையை மட்டமாக்க அது நல்லது, கதவுக்கு வேண்டாம். சதுரத் தட்டுள்ள ஷீட் சாண்டர் மலிவு. சாதாரண சாண்ட் பேப்பரை வெட்டிப் போடலாம். தடித்த வார்னிஷுக்கு மட்டும் மெதுவு.

நான் எடுத்தது ரேண்டம் ஆர்பிட்டல், 125 மில்லிமீட்டர் தட்டு. அது சுழன்றுகொண்டே மையம் விலகியும் ஆடுவதால் கீறல்கள் ஒரே தடத்தில் விழுவதில்லை. கதவுச் சட்டங்கள் பொருந்தும் இடத்தில் மர இழை ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும். அங்கே இது பெரிய உதவி. கரடான 80 நம்பர் பேப்பரில் தொடங்கி, 120, 180 என்று நைசானதுக்கு வரிசையாகப் போனேன். நம்பர் மாற்றும்போதெல்லாம் தூசியைத் துடைத்துவிட வேண்டும்; தங்கிய ஒரு கரட்டுத் துகள் சுருள் சுருளாகக் கீறிவிடும். அழுத்தவே கூடாது, மெசினின் எடையே போதும். அழுத்தினால் சுழற்சி குறைந்து கீறல் தெரியும், வார்னிஷும் சூடாகிப் பேப்பரை அடைக்கும்.

வட்டத் தட்டு மூலைக்குள் போகாது. அங்கெல்லாம் கட்டையில் பேப்பரைச் சுற்றிக் கையாலேயே தேய்த்தேன். தேக்குத் தூசி மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, மாஸ்க் கட்டாயம். அப்புறம், திருகோணமலையில் இருப்பவர்கள் வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே பூச்சை முடித்துவிடுங்கள். மழை பிடித்தால் வார்னிஷ் காய்வது கஷ்டம்.